மூட்டுவாதத்தில் யாருடைய நார்மல் லாஸ்?

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ‘ப்ராசஸ் காஸ்டிங்’ என்று ஒரு பாடம் உண்டு. பி.காம். மக்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக நாலு வரி. 100 லிட்டர் எண்ணெயைக் காய்ச்சினால் 5 லிட்டர் ஆவியாகத்தான் போகும். அது நார்மல் லாஸ். யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த நஷ்டத்தை மிச்சமிருக்கும் 95 லிட்டரின் தலையில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் 20 லிட்டர் காணாமல் போனால்? கூடுதலாகப் போன 15 லிட்டருக்கு அப்நார்மல் லாஸ் என்று தனிக் கணக்கு திறக்க வேண்டும். யார் பொறுப்பு, ஏன் போனது என்று ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆக, ஒரு நஷ்டத்தை ‘நார்மல்’ என்று எழுதிவிட்டால் அதைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிடலாம். இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு இன்று ஒரு நோயைப் பார்க்கப் போகிறேன்.

நோயின் பெயர் முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், நம் ஊர்ப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குகிற நோய். வேலியே பயிரை மேய்கிற கதை. 30, 40 வயதிலேயே வரலாம். பெண்களுக்கு அதிகம். சரியாக அடக்காமல் விட்டால் விரல் மூட்டுகளில் எலும்பை அரித்துக் கோணலாக்கிவிடும். அப்படிச் சிதைந்த மூட்டு எந்த மருந்துக்கும் பழையபடி திரும்பாது. இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். பழசு, மலிவு, பலருக்கு நன்றாகவே கேட்கும். அது போதாதவர்களுக்குத்தான் 1998 முதல் வரிசையாக வந்த காஸ்ட்லி மருந்துகள். டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்குபவை (எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப்), பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப், டி செல்களைத் தடுக்கும் அபாட்டசெப்ட், ஐ.எல்-6 வழியை மறிக்கும் டோசிலிசுமாப், அப்புறம் ஜாக் மாத்திரைகள். ஐந்து விதமான வழிகள். ஒவ்வொன்றும் நோயின் வேறு வேறு கண்ணியைப் பிடிக்கிறது.

எந்த நோயாளிக்கு எந்த வழி? இதுதான் கேள்வி. நம்பி மருந்து எழுதும்படியான ஒரு பரிசோதனை இதற்கு இன்றுவரை வழக்கத்துக்கு வரவில்லை.

பரிசோதனைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ருமட்டாய்டு ஃபேக்டர் இருக்கிறது. நார்வேயில் எரிக் வாலர் 1940-லேயே அதை எழுதிவிட்டார். ஆன்ட்டி சி.சி.பி. இருக்கிறது. இவை நோய் என்ன என்று கண்டுபிடிக்க உதவும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இருக்கின்றன. அவை வீக்கம் எவ்வளவு என்று சொல்லும். ஆனால் ‘உனக்கு அடாலிமுமாப் வேண்டாம், டோசிலிசுமாப் போட்டுக்கொள்’ என்று எதுவும் தெளிவாகச் சொல்வதில்லை.

அதனால் நடப்பது என்ன? ஒரு மருந்தைப் போட்டுப் பார்ப்பது. மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லை என்றாலோ, ஆறு மாதத்தில் இலக்கு எட்டவில்லை என்றாலோ, அடுத்ததுக்குத் தாவுவது. ஐரோப்பிய மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலே இதுதான். இங்கிலாந்தில் என்.எச்.எஸ்.ஸுக்கு விதி எழுதும் ‘நைஸ்’ அமைப்பு 2016-ல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: பொருந்துகிற மருந்துகளில் விலை குறைந்ததில் ஆரம்பியுங்கள். நோயாளிக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது அவர் ரத்தம் இல்லை, விலைப்பட்டியல். நான் ‘நைஸை’த் திட்டவில்லை. தேர்ந்தெடுக்க வேறு ஆதாரம் இல்லாதபோது ஒரு நாணயமான கணக்குப்பிள்ளை அதைத்தான் செய்வார். ஏன் வேறு ஆதாரம் இல்லை என்பதுதான் என் கேள்வி.

வாத நோய் மருத்துவர்கள் நடுவில் ‘60-40-20’ என்று ஒரு கணக்கு புழங்குகிறது. மெத்தோட்ரெக்ஸேட் போதாத 100 பேருக்கு இந்தப் புது மருந்துகளில் ஒன்றைக் கொடுத்தால், சுமார் 60 பேருக்கு நோய் 20 சதவீதமாவது குறையும். 40 பேருக்கு 50 சதவீதம் குறையும். 20 பேருக்குத்தான் 70 சதவீதம் குறையும். திருப்பிப் படியுங்கள். 100-க்கு 40 பேருக்கு அந்தக் குறைந்தபட்ச 20 சதவீதம்கூடக் கிடையாது. எண்ணெய் ஆலையில் 100-க்கு 40 லிட்டர் போனால் ஃபோர்மேன் வேலை போய்விடும். இங்கே அது நார்மல் லாஸ்.

‘தம்பி, அறிவியல் கஷ்டம், உனக்கு என்ன தெரியும்’ என்பவர்களுக்கு 1998-ம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறேன். அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஹெர்செப்டின் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. கூடவே, கட்டியில் ஹெர்2 புரதம் அதிகம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் அனுமதி கிடைத்தது. அந்தப் பரிசோதனையில் தேறியவர்களுக்குத்தான் மருந்து. அதே வருஷம் நவம்பரில் முடக்குவாதத்துக்கு எட்டனர்செப்ட் வந்தது. கூடவே எந்தப் பரிசோதனையும் வரவில்லை. இரண்டு மாத இடைவெளியில் பிறந்த இரண்டு மருந்துகள். கால் நூற்றாண்டு தாண்டியும் ஒன்றுக்குத் துணை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. ஏன்?

காரணம் பாஸ் மார்க். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஹெர்2 அதிகம். எல்லோருக்கும் கொடுத்துச் சோதித்திருந்தால் பலன் கூட்டத்தில் கரைந்து மருந்து ஃபெயில் ஆகியிருக்கும். பரிசோதனை இருந்தால்தான் கம்பெனிக்கு வியாபாரம். ஆனால் 100-க்கு 60 பேருக்குக் கொஞ்சமாவது கேட்கும் மருந்து, எந்தப் பரிசோதனையும் இல்லாமலே பாஸ் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? ‘இந்த 40 பேருக்கு விற்காதே’ என்று அது சொல்லும். தன் வாடிக்கையாளரைத் தானே விரட்டும் கடைக்காரர் உண்டா? அடாலிமுமாபின் பிராண்டான ஹுமிரா 2022-ல் மட்டும் 2,100 கோடி டாலருக்கு மேல் விற்றது. முடக்குவாதம் மட்டுமில்லாமல் பல நோய்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. ஆனாலும் அந்தக் கல்லாப்பெட்டியைத் தானே பாதியாக்கிக்கொள்ள ஒரு கம்பெனி காசு செலவழிக்கும் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம் :-)

கம்பெனிகளுக்கு பயோமார்க்கர் பிடிக்கவே பிடிக்காது என்றும் இல்லை. அடுத்த கடையின் வாடிக்கையாளரை இழுக்கும் என்றால் ரொம்பப் பிடிக்கும். அபாட்டசெப்ட் கம்பெனி தன் மருந்தை அடாலிமுமாபோடு நேருக்கு நேர் மோதவிட்டது. முடிவு சமம். பிறகு அதே தரவை அலசி, ஆன்ட்டி சி.சி.பி. மிக அதிகம் உள்ளவர்களுக்கு அபாட்டசெப்ட் கூடுதலாகக் கேட்கிறது என்று 2016-ல் கட்டுரை வந்தது. செர்டோலிசுமாப் கம்பெனியும் அடாலிமுமாபோடு மோதியது. அங்கேயும் ஒட்டுமொத்தமாக வித்தியாசம் இல்லை. சில வருஷம் கழித்து அந்தத் தரவைத் திரும்பக் கிளறி, ருமட்டாய்டு ஃபேக்டர் மிக அதிகம் உள்ளவர்களுக்கு செர்டோலிசுமாபே மேல் என்று அலசல் வந்தது. இவை பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். கவனியுங்கள், இந்த ருமட்டாய்டு ஃபேக்டர் 1940-ம் வருஷச் சரக்கு. தெரு முனை லேபிலும் பார்க்கிறார்கள். அதற்குள் இப்படி ஒரு துப்பு இருக்கலாம் என்று இவ்வளவு தாமதமாகத்தான் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்ப்பதால் லாபம் வரும் ஓர் ஆள் வந்த பிறகுதான் பார்த்தார்கள்.

எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பொதுப் பணத்தில் முயன்றவர்களும் முழுசாக ஜெயிக்கவில்லை. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் கோஸ்டான்டினோ பிட்சாலிஸ் குழு, டி.என்.எஃப். மருந்து தோற்ற 164 பேரின் மூட்டுச் சவ்விலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தது. பி செல் குறைவாக இருக்கும் மூட்டில், பி செல்லை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் எப்படி வேலை செய்யும்? டோசிலிசுமாப்தானே மேல்? எளிமையான, அழகான கேள்வி. 2021-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரித்தபோது 45-க்கு 56 சதவீதம். உறுதியாகச் சொல்லப் போதாத வித்தியாசம். ஆர்.என்.ஏ. அளந்து பிரித்தபோது 36-க்கு 63. தெளிவான வித்தியாசம். ஆனால் அதே குழு, இந்த உயர்ரக மருந்துகளை இதுவரை தொடாத நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்டு 2023-ல் வெளியிட்ட சோதனையில், திசுவைப் பார்த்துப் பிரித்தும் வித்தியாசம் கிடைக்கவில்லை.

ஆக, கஷ்டம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஷ்டமான வேலை என்றால் அதிக ஆளும் அதிகப் பணமும் அல்லவா போக வேண்டும்? அந்த 164 பேர் சோதனைக்குப் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி நிதி. ரிட்டுக்ஸிமாபும் டோசிலிசுமாபும் அதற்குள் பல வருஷமாக முடக்குவாதத்துக்கு விற்பனையில் இருந்தவை. விற்றவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வரி கட்டியவர்கள் கேட்டார்கள்.

பயோமார்க்கர் என்ற பெயரில் எதை விற்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் வெக்ட்ரா என்று ஒரு பரிசோதனை. ரத்தத்தில் 12 புரதங்களை அளந்து 1 முதல் 100 வரை ஒரு மார்க் போடும். பரீட்சை ரிசல்ட் மாதிரி பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் 2016-ல் ஓர் அலசல், மேலே சொன்ன அபாட்டசெப்ட் - அடாலிமுமாப் மோதலின் நோயாளிகளிடம் அந்த மார்க், மூட்டில் டாக்டர் பார்த்த நிலைமையோடு ஒத்துப்போகவில்லை என்றது. அந்த டெஸ்டை உருவாக்கிய கம்பெனியை மிரியட் 2014-ல் 27 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-ல் வெக்ட்ரா வியாபாரத்தை லேப்கார்ப்புக்கு 15 கோடிக்கு விற்றது. சந்தை சொன்ன தீர்ப்பு அது. ‘உன் ரத்தம் உன் ரகசியம்’ ரகப் பளபளப்பான விளம்பரத்துக்கும், ‘இந்த மருந்து உனக்குக் கேட்காது’ என்ற உபயோகமான பதிலுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

சரி, எங்கேதான் ஒழுங்காக நடந்திருக்கிறது? நஷ்டம் யார் கணக்கில் விழுகிறதோ அவரே தேடிய இடங்களில்.

முதலில் தைவான். நோய் கௌட், அதாவது யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்குவது. மருந்து அல்லோபியூரினால், அரதப் பழசு. வெகு சிலருக்கு இந்த மாத்திரையால் உடம்புத் தோலே உரிந்து உயிர் போகும். தைவானில் மருந்துப் பக்கவிளைவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க 2000-லேயே சட்டம் போட்டார்கள். அங்கே அரசு ஆய்வு நிறுவனமான அகாடெமியா சினிகாவின் குழு 2005-ல் ஒன்றைக் கண்டது. இப்படித் தோல் உரிந்த 51 பேரில் 51 பேருக்கும் எச்எல்ஏ-பி*58:01 என்ற ஒரே மரபணு வகை. மருந்து ஒத்துக்கொண்டவர்களில் அது சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. அப்புறம் 2,926 பேருக்கு முதலில் மரபணுவைப் பார்த்து, இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி 7 பேருக்கு அந்தப் பயங்கரம் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2015-ல் பி.எம்.ஜே. இதழில் இருக்கிறது. அந்த 7 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. அதுதான் இதன் அழகு.

அடுத்தது நார்வே. இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு உடம்பே அந்த மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து அதைச் செல்லாக்காசாக்கிவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து டோஸை மாற்றினால் பலன் உண்டா என்று அரசுப் பணத்தில் இரண்டு சோதனை நடத்தினார்கள். இரண்டும் 2021-ல் வெளியாயின. மருந்தைத் தொடங்கும் கட்டத்தில் பலன் இல்லை. தொடர்ந்து போட்டுக்கொள்ளும் கட்டத்தில் பலன் உண்டு: ஒரு வருஷம் நோய் கட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் 74 சதவீதம், அளக்காத பக்கம் 56 சதவீதம். எங்கே உதவும், எங்கே உதவாது என்று இரண்டையும் நேர்மையாகச் சொன்ன பதில். அங்கே மருந்துச் செலவும் அரசுடையது. கேள்வி கேட்பவரும் பில் கட்டுபவரும் ஒரே ஆள்.

நம் நாட்டில் பில் கட்டுவது யார்? பெரும்பாலும் குடும்பம். பெரும்பாலான இன்ஷூரன்ஸ் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்குத் தராது. என் சித்தி ஒரு தையல்காரி. முதல் ஊசி நான்கு மாதம், கேட்கவில்லை. இரண்டாவது நான்கு மாதம், கேட்கவில்லை. மூன்றாவது கேட்டது. டாக்டர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் விதிப்படிதான் செய்தார். ஆனால் அந்த எட்டு மாதத்து ஊசிக்காசு சித்தியின் நகையிலிருந்து போனது. வலது கை ஆள்காட்டி விரலும் போனது. கத்தரிக்கோல் பிடிக்க வராது. இந்த நஷ்டம் எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் வரும்? எதிலும் வராது. வராத நஷ்டத்தை யாரும் குறைக்கப் போவதும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

‘இப்போதுதான் விலை இறங்கிவிட்டதே’ என்பார்கள். உண்மைதான். அடாலிமுமாபின் உலகின் முதல் நகல் மருந்தே 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் வந்தது. ஆனால் விலை இறங்கினால் மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கச் செலவு குறையும், அவ்வளவுதான். போட்டுப் பார்க்கும் மாதங்களில் சிதையும் மூட்டுக்குத் தள்ளுபடி கிடையாது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரி இதற்குத்தான்.

இன்னொன்று. நமக்கான பரிசோதனையை வேறு நாட்டுக்காரர் கண்டுபிடித்துத் தருவார் என்று காத்திருப்பதும் ஆபத்து. அஸாதியோப்ரின் என்ற மருந்து லூபஸ் போன்ற நோய்களுக்குக் கொடுப்பது. சிலருக்கு அது ரத்த அணுக்களைத் தீர்த்துக்கட்டிவிடும். யாருக்கு என்று அறிய டி.பி.எம்.டி. என்ற பரிசோதனை மேலை நாடுகளில் பல வருஷமாக உண்டு. ஆனால் ஆசியர்களிடம் அதைவிட முக்கியமான மரபணு என்.யு.டி.டி.15 என்று 2014-ல்தான் தெரியவந்தது. தேடியவர்கள் கொரியர்கள், தங்கள் நோயாளிகளிடம் தேடினார்கள். இந்தியர்களிடமும் அந்த மாற்றம் கணிசமாக இருக்கிறது. தேடுபவர் யாரோ, அவருக்குத்தான் முதலில் கிடைக்கும்.

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது நியாயமில்லை. என் மூன்று கோரிக்கைகள்:

ஒன்று, அனுமதிக்காக நடத்தும் ஒவ்வொரு மருந்துச் சோதனையிலும் ரத்தம் எடுக்கிறார்கள். நோயாளியின் சம்மதத்தோடு அதைச் சேமித்து, சில வருஷம் கழித்துப் பொது ஆய்வாளர்களுக்குத் தரவோடு திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் அனுமதி இல்லை.

இரண்டு, கேட்காத மாதங்களின் செலவு விற்றவர் கணக்கில் போக வேண்டும். கனவு இல்லை இது. 2010-ல் இங்கிலாந்தில் செர்டோலிசுமாபின் முதல் 12 வாரத்தைக் கம்பெனி இலவசமாகத் தர ஒத்துக்கொண்டது, ‘நைஸ்’ அனுமதி தந்தது. தள்ளுபடிக்கு இன்னொரு பெயர் என்று கிண்டல் செய்யலாம். எல்லா மருந்துக்கும் இதையே விதியாக்கிப் பாருங்கள், ‘யாருக்குக் கேட்கும்’ என்ற ஆராய்ச்சிக்குத் திடீரென்று பணம் கிடைக்கும்.

மூன்று, ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி., மருந்தின் ரத்த அளவு போன்ற மலிவான, கையில் இருக்கும் பரிசோதனைகளை வைத்து நம் நோயாளிகளிடம் மருந்துக்கு மருந்து ஒப்பிடும் சோதனையை ஐ.சி.எம்.ஆர். நடத்த வேண்டும். ராக்கெட் விட்ட நாடு இது, ரத்தம் பார்க்க முடியாதா?

ஒருவேளை எல்லாம் செய்தும் பதில் கிடைக்காமலே போகலாம். 100-க்கு 40 என்பது உண்மையிலேயே இயற்கையின் ஆவியாதலாக இருக்கலாம். ஆனால் அதை நார்மல் லாஸ் என்று எழுதும் உரிமை, தேடிப் பார்த்தவனுக்குத்தான் உண்டு. அதுவரை அது அப்நார்மல் லாஸ். தனிக் கணக்கு திறங்கள். யார் பொறுப்பு என்று மேலே பெயர் எழுதுங்கள்.